வானகரத்தில் பூட்டிக்கிடந்த கனடா

எங்கள் ஓட்டுநர் சங்கத்தில் மலர் போடுகிறார்களாம். "அண்ணாத்தே, நீ வண்டிய உட்டு எறங்கிட்ட. ஊட்ல சும்மாதானே குந்திகினு கீற. அனுபவத்த எழுதிக் குடு" என்றார்கள். எட்டாங்கிளாஸ் வரைக்கும் போனவன் நான். அதற்கு மேல் எட்டாங்கிளாஸ் என்னை விடவில்லை. பிழைகளைச் செயலாளர் திருத்திக்கொள்ளட்டும். அவருக்கும் ஏதாவது வேலை வேண்டும்.

போன வாரம் அம்பத்தூர் ஸ்டாண்டில் ஒருவர் போனை நீட்டினார். "நைனா, இங்கேர்ந்து டொரொண்டோ எவ்ளோ தூரம்னு கேட்டா டக்குனு சொல்லுது பாரு." பதிமூணாயிரம் கிலோமீட்டர் என்றது. இத்தனை மணி நேரம் என்றது. இடையில் எங்கே மாற வேண்டும் என்பது வரைக்கும் சொன்னது. "ஆவடிக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு கேளு" என்றேன். கேட்டார். சிவப்பாக ஒரு கோடு வந்தது. போனும் பெருமூச்சு விட்ட மாதிரிதான் இருந்தது.

நான் ஏர்போர்ட் வண்டி ஓட்டியவன். லாரியில் கிளீனர், பிறகு லாரி டிரைவர், பிறகு கம்பெனி பஸ். அந்தக் கதை எல்லோரிடமும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். கடைசியில் பூந்தமல்லி ஜமால் பாயிடம் வேன் ஓட்டினேன். முகப்பேர், அம்பத்தூர், ஆவடியில் ஏற்றிக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் இறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. விமானம் ஏறுகிறவர் ஒருவர். அவரை வழியனுப்ப வேன் நிறைய ஆள்.

வண்டியில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் எவ்வளவு நேரம்? சிகாகோ இருபத்திரண்டு மணி நேரம் என்பார் ஒருவர். இல்லை, எங்கள் மருமகன் பத்தொன்பதில் போனார் என்பார் இன்னொருவர். மருமகன் என்ன, இறங்கித் தள்ளினாரா? நான் கேட்டதில்லை. சண்டை முடிவதற்குள் வானகரம் மீன் மார்க்கெட் வந்துவிடும். அங்கே வண்டி நிற்கும். அமெரிக்காவை ஒரு நாளில் தொடுகிறவர்கள் மீன் வண்டிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

டிக்கெட்டை நம்பிக் கெட்டவர்களும் உண்டு. ஆவடியில் ஒரு அம்மா. மகன் காலையில் கிளம்பினார். டிக்கெட்டில் அன்றைக்கே ராத்திரி இறங்குவதாகப் போட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் என்று அந்த அம்மா கணக்குப் போட்டுவிட்டார். அந்த ஊர் ராத்திரி வேறு, நம் ராத்திரி வேறு என்று மகன் சொல்லவில்லை. படித்த பிள்ளை, சொல்ல மறந்திருப்பார். போன் வரவில்லை. மறுநாள் பொழுது விடிந்ததும் அந்த அம்மா தெருவையே கூட்டிக்கொண்டு பாய் ஆபீசுக்கு வந்துவிட்டார். "எம் புள்ளைய எங்கடா எறக்கிவுட்ட?" என்று என் சட்டையைப் பிடித்தார். பாய் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். "அவன் ஊர்ல நேத்து இன்னும் முடியலமா. குடி" என்றார். அந்த அம்மா கப்பென்று அடங்கினார். என்ன புரிந்ததோ, தெரியாது. எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜமால் பாய் அப்படித்தான். கத்த மாட்டார். ஒரு வாக்கியத்தில் பாதியைத்தான் சொல்வார். மீதி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனில் "வைக்கிறேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. எதிர்முனையில் சத்தம் நின்றுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். திட்ட வேண்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைப்பார். அவர் துடைக்கிற நேரத்தை வைத்து நம் தப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பெட்டி எல்லாம் ஏறி, ஆள் எல்லாம் ஏறி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்த பிறகும் சாவி போடக் கூடாது. பயணம் போகிறவர் தன் கையால் பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டும். அவர் அப்பா எடுக்கக் கூடாது, புருஷன் எடுக்கக் கூடாது. படம் இருக்கிற பக்கத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். டிரைவர் படத்தையும் பார்க்க வேண்டும், முகத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாவி. ஒருமுறை ஒருவர் பெண்டாட்டி பாஸ்போர்ட்டோடு கிளம்பிப் போனதிலிருந்து இந்தச் சட்டம். இங்கிலீஷ் படிக்கத் தெரிய வேண்டாம், படம் பார்க்கத் தெரிந்தால் போதும். எனக்காகவே போட்ட மாதிரி இருந்தது.

சில பேர் கோபப்படுவார்கள். "நீ யாருய்யா பாஸ்போர்ட் பார்க்க? இமிகிரேசனா?" என்பார்கள். "பாய் சொல்லிகீறாரு சார்" என்பேன். பாயிடம் போன் போடுவார்கள். பாய் "பார்க்கட்டும்" என்பார். சத்தம் நின்றுவிடும்.

இனி முகப்பேர் கேஸ்.

ஹவுசிங் போர்டு பிளாட்டில் தணிகாசலம் என்று ஒரு பெரியவர். ஆவடியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன் கனடா போய் நாலு வருஷம். மருமகள் தேவகி அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் நிற்கிறவர். இவருக்குச் சமைத்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவார், வந்து மறுபடி சமைப்பார். நாலு வருஷம் அலைந்து தேவகிக்கும் அங்கே குடியிருக்கக் காகிதம் வந்துவிட்டது. அதில் ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் அந்த ஊர் மண்ணில் இறங்கி முத்திரை வாங்க வேண்டும். தவறினால் எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு நாலு வருஷம் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம்.

காகிதம் வந்தபோது நிறைய நாள் கையில் இருந்தது. பெரியவர் காலண்டரை எடுத்தார். ஆனியில் ஜாதகத்துக்கு ஒத்துவரவில்லை. ஆடியில் யாராவது கிளம்புவார்களா? ஆவணி பிறந்ததும் பார்த்தால் அஷ்டமி, அது போனால் நவமி. இப்படியே தள்ளித் தள்ளிக் காகிதத்தில் போட்ட கடைசித் தேதிக்கே வந்து நின்றார். வியாழக்கிழமை. "கெளம்பறதும் வியாழன், எறங்கறதும் வியாழன். அவங்க நேரம் நமக்குப் பின்னாடி ஓடுது. கரெக்டா போச்சு பாரு" என்று எல்லோரிடமும் சொன்னாராம். ஒரு நாளை மிச்சம் பிடித்த சந்தோஷம். தேவகி ஷிப்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

வியாழனில் ஒரு சிக்கல். அன்றைக்குத் தெற்கே சூலம். தெற்கே போகக் கூடாது. வண்டி பேச வந்த அன்றைக்கு பாய் ஆபீசில் அரை மணி நேரம் இதுதான்.

"ஏர்போர்ட் எனக்குத் தெக்க கீது பாய்."

"ஆமா."

"ஆனா பிளேன் மேக்கால போவுது. மேக்க ஒண்ணும் இல்ல. அப்புறம் வடக்கால திரும்புது. அப்ப எந்தத் திசைன்னு கணக்கு?"

"கனடா எந்தப் பக்கம்?" என்றார் பாய்.

"அதான் கொழப்பமே. உருண்டைல இந்தப் பக்கமா போனாலும் வரும், அந்தப் பக்கமா போனாலும் வரும்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அதோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் எமகண்டத்தில் விழுந்தது. பெரியவரிடம் அதற்கும் மருந்து இருந்தது. பரஸ்தானம். அதாவது, முந்தின நாளே நல்ல நேரத்தில் பயணப் பெட்டி ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் பயணம் ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. வெளியே போன பெட்டி திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதையும் பயணம் போகிறவர்தான் எடுக்க வேண்டும்.

பழைய துணி ரெண்டை வைத்து ஒரு பையைக் கொடுத்தால் போதும், ஊரில் அப்படித்தான் செய்வார்கள். பெரியவர் ஸ்டோரில் இருந்தவர் இல்லையா, எதையும் முறையாகச் செய்கிறவர். துணியா போகிறது, பாஸ்போர்ட் அல்லவா போகிறது என்று பாஸ்போர்ட்டையும் அந்தக் காகிதத்தையும் சின்னப் பெட்டியில் வைத்துப் புதன்கிழமையே வானகரத்தில் சிநேகிதர் ஏகாம்பரம் வீட்டுப் பூஜை அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை முகப்பேரில் பெட்டி ஏற்றினேன். பெரியவர் முன்சீட்டில். தேவகி பின்னால், நாலு சொந்தக்காரர்களுக்கு நடுவில். "பாஸ்போர்ட்மா" என்றேன்.

"அது நேத்தே கெளம்பிடுச்சுப்பா" என்றார் பெரியவர்.

எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு பாயைக் கூப்பிட்டேன். சொன்னேன். "வானகரத்துல பார்த்துட்டுப் பேசு" என்றார். சத்தம் நின்றது.

வானகரம் போனோம். ஏகாம்பரம் வீட்டு வாசலில் கோலம் பெரியதாகப் போட்டிருந்தது. கதவில் பூட்டு. அதுவும் பெரியதாக இருந்தது.

பெரியவர் போன் போட்டார். ஏகாம்பரம் குரல் வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்டது. "எங்கப்பா கீற? நாங்க ஏர்போர்ட்டுக்கே வந்துட்டோம். மால வாங்கியாச்சு. எம் பொண்டாட்டி சுண்டல் கூட பண்ணினு வந்துகீறா!"

"பெட்டி?"

"பெட்டி பத்திரமா பூஜ ரூம்ல கீது. நாங்க தொடவே இல்ல."

"எடுத்துகினு வரக் கூடாதா?"

"இன்னாப்பா நீ? போறவங்கதான் எடுக்கணும், வேற யாரும் கை வெக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? ஊட்ல ஒரு ஆளையும் அந்தப் பக்கம் உடலியே நானு!"

பெரியவர் போனைக் கீழே இறக்கினார். சாவி மீனம்பாக்கத்தில். பாஸ்போர்ட் வானகரத்தில். நாங்கள் வெளியே. ஏகாம்பரம் சாவியோடு வந்து சேர்ந்து, நாங்கள் மறுபடி அங்கே போய்ச் சேர்ந்தால் கவுண்டர் மூடியிருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். எந்த நேரமும் போதவில்லை.

பாயைக் கூப்பிட்டேன்.

"பார்த்தியா?"

"இல்ல பாய். ஊடு பூட்டிக் கீது. சாவி ஏர்போர்ட்ல கீது."

"அப்போ வண்டி இன்னும் கெளம்பல."

"ஏர்போர்ட்டுக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு இங்க எல்லாரும்…"

"ஏர்போர்ட்ட உடு. பூட்டுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

சத்தம் நின்றது. மீதி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. ஆனால் அடுத்தவர் வீட்டுப் பூட்டு. டிரைவர் கை வைத்தால் அதற்குப் பெயர் வேறு.

பெரியவருக்கும் புரிந்துவிட்டது. "பூட்ட ஒடச்சிட்டுக் கெளம்பினா பயணம் வெளங்குமா? வேணாம். ஏகாம்பரம் வரட்டும். நல்ல நேரத்துல வெச்ச பெட்டி. ஒண்ணும் ஆவாது" என்றார். அவர் கை காலண்டர் தேடுகிற மாதிரி சட்டைப்பையில் தடவியது.

தேவகி இறங்கி வந்தார்.

"அண்ணா, ஜாக்கி ராடு கீதா?"

எடுத்துக் கொடுத்தேன்.

"மாமா, தள்ளிக்கோங்க."

"அம்மாடி, சொல்றதக் கேளு. சகுனம்…"

"ஆனின்னீங்க, கேட்டேன். ஆடின்னீங்க, கேட்டேன். தள்ளிக்கோங்க மாமா."

பெரியவர் தள்ளிக்கொண்டார். பிரஸ் மெஷினில் நின்ற கை. எங்கே நெம்பினால் விடும் என்று அதற்குத் தெரியும். முதல் நெம்பில் கதவு அழுதது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார்.

"யாருமா நீ? பட்டப்பகல்ல ஏகாம்பரம் ஊட்டு கதவ பேக்கற?"

"பாஸ்போர்ட் உள்ள கீதுக்கா. இன்னிக்கு நான் கனடா போவணும்."

"கனடாவா?" அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "எவ்ளோ நேரம் ஆவும்?"

"இருவது மணி நேரத்துக்கு மேல" என்றார் பெரியவர். அந்த நிலைமையிலும் அதற்குப் பதில் சொல்ல அவரால் முடிந்தது.

"அவ்ளோதானா? எங்க நாத்தனா பொண்ணு நியூசிலாந்து போறதுக்கு ஒண்ணர நாள் ஆச்சு" என்றார் அந்த அம்மா பெருமையாக.

இரண்டாவது நெம்பில் நாதாங்கி கையோடு வந்துவிட்டது. தேவகி உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார். வாசலிலேயே திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து, யாரும் கேட்காமலே படம் உள்ள பக்கத்தைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். பார்த்தேன். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றபடி ஒன்றுதான்.

இப்போது இன்னொரு வேலை. கதவு திறந்து கிடக்கிறது. வீட்டை யார் பார்ப்பது? எதிர்வீட்டு அம்மாவைக் கேட்டோம். "எனக்குத் தண்ணி லாரி வர்ற நேரம்" என்று உள்ளே போய்விட்டார். சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஏர்போர்ட் பார்க்க வேண்டும்.

"நான் இருக்கேன். நீங்க போங்க" என்றார் பெரியவர்.

தேவகி குனிந்து அவர் காலைத் தொட்டார். அவர் கையைத் தூக்குவதற்குள் எழுந்து வண்டியில் ஏறிவிட்டார். கை பாதியில் நின்றதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு பைபாஸ் ஏறிவிட்டேன்.

ஓட்டியதைப் பற்றி வீரக் கதை எதுவும் இல்லை. வழி விட்டார்கள், போனோம். விடாத இடத்தில் நின்றோம். ஏர்போர்ட்டில் ஏகாம்பரம் மாலையோடு ஓடிவந்தார். பின்னால் அவர் மனைவி சுண்டலோடு. தேவகி மாலைக்கும் குனியவில்லை, சுண்டலுக்கும் நிற்கவில்லை. பெட்டி ரெண்டையும் தள்ளிக்கொண்டு வாசலில் நின்ற காவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விமானத்துக்குப் பெட்டி போட்ட கடைசி ஆள் அவர்தானாம், பிறகு தெரிந்தது.

"பூட்ட ஒடச்சிட்டீங்களாமே?" என்றார் ஏகாம்பரம் என்னிடம்.

"பூட்டு நல்லாதான் கீது சார். நாதாங்கிதான் போச்சு."

"அதான பார்த்தேன்! திண்டுக்கல் பூட்டு!" மனிதருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் என் வண்டிக்குப் போட்டார்.

மறுநாள் காலை பாய் சொன்னார், "எறங்கிட்டாங்களாம். முத்திர வாங்கியாச்சாம்." அந்த ஊரில் அப்போதும் வியாழக்கிழமை முடியவில்லை. பரஸ்தானம் வைத்ததால்தான் காரியம் நடந்தது என்று முகப்பேரில் இன்றைக்கும் பேச்சு.

ஆனால் அது மறுநாள். அன்றைக்கு எனக்கு இன்னொரு சவாரி பாக்கி இருந்தது. பெரியவரைக் கூட்டி வர வேண்டும். மற்றவர்கள் ஏகாம்பரத்தோடு ஓட்டலில் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் வானகரம் வந்தேன்.

பெரியவர் உடைந்த கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். காவல் என்றால் காவல்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க சார்."

"அழுதாளா?"

"இல்ல சார். நேரம் இல்ல."

தலையை ஆட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். தண்ணி லாரி வந்து போயிருந்தது. தெரு ஈரமாக இருந்தது.

"ஆடி வேணாம்னு நான்தாம்பா சொன்னேன்."

"ஆமா சார்."

"ஆனியில நாள் இருந்துச்சு. நல்ல நாளே இருந்துச்சு."

பெயர்ந்து கிடந்த நாதாங்கியை எடுத்துப் படியில் வைத்தேன்.

"அவன் போறப்போ ரெண்டு வருசத்துல வந்துர்றேன்னான். இப்ப இவளும் போயிட்டா." தெருவைப் பார்த்தபடியே கேட்டார், "போறதுக்கு எவ்ளோ நேரம்னு எல்லாரும் சொல்றாங்க. வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"அதே நேரம்தான் சார்" என்றேன். டிரைவரிடம் கேட்டால் டிரைவர் பதில்தான் வரும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

ஏகாம்பரம் வந்தார். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் கிளம்பினோம். முகப்பேர் பக்கம் திருப்பப் போனேன். பெரியவர் ஸ்டியரிங் மேல் கை வைத்தார்.

"ஊட்டுக்கு வேணாம்பா. கொஞ்சம் ஓட்டு."

"எந்தப் பக்கம் சார்?"

"ஏதோ ஒரு பக்கம். போ."

பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன். சத்தம் நின்றது. அதுவே உத்தரவு.

பூந்தமல்லி வரைக்கும் போனோம். வழியெல்லாம் லாரி. நின்று நின்றுதான் போக வேண்டியிருந்தது. திரும்பி வரவும் அப்படியே. மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை.